செத்ராக் முடிக்காத வாழ்த்து

செத்ராக் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டால் அடுப்பில் இருக்கும் கறியை இறக்கக் கூடாது என்பது எங்கள் கர்மிர்தாப் ஊர்ப் பெண்களின் சட்டம். இறக்கினால் ஆறிப்போகும். அவன் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு ஆடு வாங்கி வந்து சமைத்துவிடலாம் என்று அவன் பெண்டாட்டி வார்துஹியே சொல்லியிருக்கிறாள்.

தொழில் என்று பார்த்தால் அவன் பம்பு மெக்கானிக். கால்வாயிலிருந்து தோட்டங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மக்கர் செய்தால் அவனைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அவனுக்கு ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஸ்பானர் இல்லை, நாக்கு. கல்யாணமோ, ஞானஸ்நானமோ, பட்டாளத்துக்குப் போகிறவனுக்கு வழியனுப்பு விருந்தோ, மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து சுற்றுக்குச் சுற்று வாழ்த்துச் சொல்லும் தமதா அவன்தான். நோவா தன் கப்பல் தரைதட்டிய மாசிஸ் மலையிலிருந்து இறங்கி வந்து முதல் திராட்சைக் கொடியை நட்டதில் ஆரம்பிப்பான். அங்கிருந்து ஒரு ராஜாவிடம் போவான், ராஜாவின் குதிரையிடம் போவான், குதிரைக்காரனின் காதலியிடம் கொஞ்ச நேரம் தங்குவான். கடைசியில் மாப்பிள்ளை பெண்ணிடம் வந்து சேரும்போது கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கியிருக்கும். பாதி பேருக்குக் கதையால், மீதிப் பேருக்குப் பசியால்.

அவனை இடைமறிக்கும் தைரியம் ஊரில் ஒருத்திக்குத்தான் இருந்தது. மேசையின் கால்மாட்டில், கடைசி நாற்காலியில் உட்காரும் ஹமெஸ்ட். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் அவள் ஊசி போடாத இடுப்பு இல்லை என்பதால் எவனிடமும் அவளுக்குப் பயம் கிடையாது.

"போன தடவை அந்தக் குதிரை வெள்ளையால்ல இருந்துச்சு, செத்ராக்? இப்ப எப்படிக் கறுத்துப்போச்சு?"

"உன் தலை வெளுக்கலாம், என் குதிரை கறுக்கக் கூடாதா?"

மேசையே சிரிக்கும். செத்ராக்கும் சிரிப்பான். அவள் கேட்காவிட்டால்தான் அவனுக்குச் சுருக்கென்றிருக்கும். வேண்டுமென்றே ஏதாவது ஒரு தப்பை விட்டுவைத்து, ஓரக்கண்ணால் அந்தக் கடைசி நாற்காலியைப் பார்ப்பான்.

இரண்டு பேர் வீடும் பக்கத்துப் பக்கத்தில். வீட்டுக்குப் பின்னால் ஆளுக்கொரு சின்னத் திராட்சைத் தோட்டம். நடுவில் எல்லையாக முழங்கால் உயரக் கல் அடுக்கும் ஒரு கிழட்டு வாதுமை மரமும். ஹமெஸ்டின் தோட்டம் அவள் அப்பா விட்டுப்போனது. கவாத்து, மருந்து, அறுவடை எல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஆள் வேண்டும். அது கொடி மூடுகிற வேலை.

எங்கள் சமவெளிக் குளிரில் கொடியை வெளியே விட்டால் பிழைக்காது. இலை உதிர்ந்ததும் கவாத்து செய்து, கம்பியிலிருந்து அவிழ்த்து, ஒவ்வொரு கொடியையும் குழந்தையைப் படுக்க வைப்பது போலத் தரையில் சாய்த்து, மேலே மண்ணை அள்ளிப் போட்டு மூட வேண்டும். வசந்தத்தில் மறுபடி தோண்டி எழுப்ப வேண்டும். தனி ஆள் செய்தால் இடுப்பு போய்விடும் என்பதால் நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, இன்று உன் தோட்டம் நாளை என் தோட்டம் என்று முறை வைத்துச் செய்வார்கள். எந்த வீட்டுத் தோட்டமோ அந்த வீட்டில் சாப்பாடு.

அந்த வருஷம் முதல் முறை ஹமெஸ்டுக்கு. ஆனால் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் நாள்கள் வந்துவிட்டதால், "நீ முந்திக்கோ, செத்ராக். நான் உனக்கு அடுத்து" என்று விட்டுக்கொடுத்தாள். அதற்குள் சாயங்கால வெளிச்சத்தில் கவாத்தை முடித்து, கொடிகளை அவிழ்த்துச் சாய்த்தும் வைத்துவிட்டாள். மண் போடுவதுதான் பாக்கி.

செத்ராக் தோட்டத்தை ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து மூடி முடித்தார்கள். அன்றைக்கென்று பார்த்து வார்துஹியின் தம்பி கெகாம் ரஷ்யாவிலிருந்து வந்து இறங்கினான். இரண்டு வருஷம் கழித்து வருகிறவன். அக்காள் கையால் கஷ் சாப்பிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். மாட்டுக்காலை ராத்திரி முழுக்கக் கொதிக்க வைத்து, விடியற்காலையில் பூண்டை நசுக்கிப் போட்டு, காய்ந்த லவாஷ் ரொட்டியை நொறுக்கிப் போட்டுக் குடிப்பது. அது கூடவே ஓட்காவையும் கேட்கும். ஓட்கா வாழ்த்தைக் கேட்கும். கஷ் மேசையிலிருந்து பாதியில் எழுந்திருப்பது எங்கள் ஊரில் கோயில் பூசையில் பாதியில் எழுந்து போவதைவிடக் கேவலம்.

"ஞாயித்துக்கிழமை காலைல எல்லாரும் கஷ் சாப்பிட்டுட்டு, அப்படியே சூட்டோட சூடா ஹமெஸ்ட் தோட்டத்துக்குப் போயிடலாம்" என்றான் செத்ராக். எல்லோரும் தலையாட்டினார்கள். கஷ் சாப்பிட்டவன் சூட்டோடு சூடாகப் போகிற ஒரே இடம் கட்டில் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தேதான் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை ஹமெஸ்ட் மண்வெட்டியோடு செத்ராக் வீட்டுப் படியில் வந்து நின்றாள். மாசிஸ் பக்கம் வானம் சாம்பல் பூத்திருந்தது.

"உள்ள வா, ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போ" என்றாள் வார்துஹி. "இப்ப எழுந்துடுவாங்க."

"எனக்கு வேண்டாம். வானம் சரியில்ல. நான் போய் ஆரம்பிக்கிறேன், வரச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். கஷ் மேசையில் இருக்கும் ஆண்களை எழுப்பிக் கூப்பிடுவது அவளுக்கும் வராது, வழக்கமும் இல்லை.

உள்ளே பூண்டும் ஆவியும் மூச்சு முட்டியதால் பின்ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். மூன்றாவது சுற்றுக்கு செத்ராக் எழுந்து நின்றான். ஹமெஸ்ட் வந்துவிட்டுப் போனதை வார்துஹி அவன் காதில் போட்டிருந்தாள். அதனாலேயே அந்த வாழ்த்தை ஹமெஸ்டுக்கு என்று எடுத்தான். பக்கத்து வீடு என்றால் என்ன என்று ஆரம்பித்தான். நோவாவுக்குப் பக்கத்து வீடே இல்லாத துக்கத்தைச் சொன்னான். ஹமெஸ்டின் அப்பா எல்லைக் கல் அடுக்கும்போது ஒரு முழம் விட்டுக்கொடுத்துத் தன் பக்கமே தள்ளி அடுக்கியதைச் சொன்னான். தன் மகள் ஷோகிக் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜுரத்தில் கிடக்க, ஹமெஸ்ட் வீட்டுக்குப் போகாமல் கட்டிலோடு உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். அவன் வாழ்நாளில் சொன்ன வாழ்த்துகளிலேயே அதுதான் சிறந்தது என்று அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கெகாம் அழுதான். அந்த நேரம் முழுக்க ஹமெஸ்ட் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தனி ஆளாக மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு வரிசையை மூடி முடித்தபோது மழை பிடித்தது. தகரக் கூரையில் சடசடவென்று விழுந்த பிறகுதான் உள்ளே இருந்தவர்கள் தடுமாறி எழுந்தார்கள். சேற்றில் கொடி மூடினால் அழுகும். சரி, நாளைக்குக் காயட்டும் என்றார்கள். சாயங்காலம் மழை பனியாக மாறியது. விடிந்தபோது மண் கல்லாகிவிட்டிருந்தது. செத்ராக் கடப்பாரையோடு போனான். அடித்த இடத்தில் ஓடு ஓடாகப் பெயர்ந்ததே தவிர, அள்ள முடியவில்லை. வைக்கோல் போட்டான், சாக்குப் போட்டான், தன் வீட்டுப் பழைய கம்பளியைக் கூடக் கொண்டுவந்து போட்டான். மேலே பனியாவது கனமாக விழுந்து போர்த்தியிருந்தால் கொடிகள் தப்பித்திருக்கும். விழுந்த பனியையும் வைக்கோலையும் காற்று சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் வந்த குளிர், உறைநிலைக்கு இருபத்தைந்து டிகிரி கீழே இறங்கி அங்கேயே குடியிருந்தது. ஒரு பகலில் கல் அடுக்குக்கு அந்தப் பக்கம் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அடிமரம் ஒன்று நெடுக வெடித்திருந்தது. அதற்குப் பிறகு செத்ராக் பின்ஜன்னலைத் திறக்கவே இல்லை.

பனி உருகியதும் ஹமெஸ்ட் கூப்பிட்டு அனுப்பினாள். கையில் சுகாதார நிலையத்துக் கத்தி. ஒரு கொடியின் கணுவில் மொட்டைக் குறுக்காக அரிந்து காட்டினாள். பச்சையாக இருக்க வேண்டிய இடம் காப்பிப் பொடி நிறம். பட்டையைச் சீவினாள், அங்கேயும் அதே நிறம். அடுத்த கொடி, அதற்கடுத்தது. அவள் தனியாக மூடிய அந்த ஒரு வரிசையைத் தோண்டி அரிந்தபோது மட்டும் மொட்டு புல்லைப் போலப் பச்சையாக இருந்தது.

"திட்டித் தொலையேன், ஹமெஸ்ட்" என்றான் செத்ராக்.

"எதுக்கு? குளிர் அடிச்சதுக்கா?"

"நான் பேசிக்கிட்டே உக்காந்திருந்ததுக்கு."

"ரம்பம் கொண்டு வா. இந்த ஒரு வரிசையைத் தவிர எல்லாத்தையும் தரையோட அறுக்கணும். வேர்ல உயிர் இருந்தா அடியிலேருந்து தளிரும். ஜூன் வரைக்கும் பாப்பேன். வரலைன்னா இடத்தை வெள்ளரிக்காய்க் கொட்டகை போடறவனுக்குக் குடுத்துட்டு, வானத்சோர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அவளும் வா வான்னு உசிரை வாங்கறா."

இதைக் கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் செத்ராக்குக்குத் தாங்கவில்லை. மூஞ்சியில் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பான். அன்று முழுக்க அறுத்தான். கல் அடுக்குக்கு இந்தப் பக்கம் அவனுடைய கொடிகள் மண்ணுக்கடியிலிருந்து சொகுசாக எழுந்து, மொட்டு வீங்கி நின்றன. அவற்றைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஈஸ்டர் விருந்தில் சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளை உடைத்து முடித்ததும் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். செத்ராக் எழுந்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்.

"ஹமெஸ்ட் தோட்டத்துல நான் அறுத்த கொடியில கொத்து தொங்கற வரைக்கும் வாழ்த்துச் சொல்ல மாட்டேன்."

அவ்வளவு சுருக்கமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை. கடைசி நாற்காலியில் ஹமெஸ்ட் முட்டைக்கு உப்புத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு தினமும் காலையில் பம்புக்குப் போவதற்கு முன்னால் செத்ராக் கல் அடுக்கைத் தாண்டிப் போய், குந்தி உட்கார்ந்து, அறுத்த அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பான். மே மாதக் கடைசியில் ஒரு நாள் அவன் போட்ட கூச்சலில், பல் தேய்த்துக்கொண்டிருந்த ஹமெஸ்ட் வாயில் நுரையோடு ஓடிவந்தாள்.

"ஏன்யா, பாம்பா?"

"தளிர்! இங்க பாரு! இங்கயும்!"

அவள் குனிந்து பார்த்தாள். இளஞ்சிவப்பாக, சுண்டுவிரல் நகத்தளவு. வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லணும்" என்றாள். செத்ராக் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளும் பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

எல்லாம் பிழைக்கவில்லை. எல்லையோர வரிசை முழுக்கப் போய்விட்டது. அதற்கு செத்ராக் ஒரு வழி பண்ணினான். தன் பக்கத்து எல்லைக் கொடிகளின் நீளமான கிளைகளைக் கல் இடுக்கு வழியாக இழுத்து, அவள் மண்ணில் பதியம் போட்டு, நுனியை மட்டும் வெளியே விட்டான். அடுத்த வருஷம் அவை அங்கேயே வேர் பிடித்துத் தனிக் கொடிகளாகிவிட்டன.

"பரவால்ல" என்றாள் ஹமெஸ்ட். "நீ வரலைன்னாலும் உன் கொடி வந்து சேந்துடுச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

ஊர்தான் தவித்துப்போனது. தமதா இல்லாமல் விருந்து எப்படி நடக்கும்? பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரைப் போட்டுப் பார்த்தார்கள். அவர் வாழ்த்து சொன்னால் பிள்ளைகள் கைகட்டி நின்றார்கள். கெகாம் ஒரு கல்யாணத்தில் போனைப் பார்த்துப் படித்தான். நடுவில் யாரோ கூப்பிட்டுவிட, வாழ்த்து பாதியில் பாட்டாக மாறியது. கறி சூடாகக் கிடைத்தும் சாப்பாட்டில் ருசி இல்லை என்று பெண்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது கோடையில் ஹமெஸ்டின் அறுத்த கொடிகளில் கொத்து தொங்கியது. ஆகஸ்டில் கோயிலில் திராட்சை மந்திரிக்கும் நாள்வரை எங்கள் ஊரில் யாரும் பழத்தை வாயில் வைப்பதில்லை. பாதிரியார் மந்திரித்துக் கொடுத்ததும் ஹமெஸ்ட் தன் கூடையிலிருந்து ஒரு கொத்தை எடுத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து செத்ராக் கையில் வைத்தாள். ஊரே பார்த்தது. சாயங்காலம் விருந்தில் அவன் முன்னால் கோப்பையை நிரப்பி வைத்தார்கள். செத்ராக் எழுந்தான். நோவா வரைக்கும் போனான். நோவாவைக் கப்பலிலிருந்து இறக்க அவனால் முடியவில்லை. வாயைத் திறந்தால் தன் குரல் ஜன்னல் வழியே போய், மண் அள்ளிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் காதில் விழுவது அவனுக்கே கேட்டது. கோப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"ஏ மனுஷா" என்றாள் வார்துஹி வீட்டுக்கு வந்ததும். "காய் வந்துடுச்சு. சபதம் முடிஞ்சுது. இன்னும் என்ன?"

"வார்த்தை வரலைடீ."

"கொடி மூடின மறுவாரம் உன் மகளுக்குக் கல்யாணம். அதுக்குள்ள வரச் சொல்லு."

ஷோகிக் வேறு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "ஊர்ல எல்லார் கல்யாணத்துக்கும் பேசினீங்க. எனக்கு மட்டும் மாமா போனைப் பாத்துப் படிக்கணுமாப்பா?" பம்பு பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

கொடி மூடும் நாள் வந்தது. முதலில் ஹமெஸ்ட் தோட்டம் என்று செத்ராக் முன்னமே சொல்லிவிட்டிருந்தான். கஷ் கிடையாது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மடியில் கட்டிக்கொண்டு வெளிச்சம் வந்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்தார்கள். செத்ராக் எல்லையோர வரிசையை எடுத்துக்கொண்டான். எதிர்ப்பக்கமிருந்து ஹமெஸ்ட் மண் போட்டுக்கொண்டு வந்தாள். பாதி வரிசையில் சந்தித்தார்கள்.

"செத்ராக், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னைக்கு ஜன்னல் வழியா எல்லாம் கேட்டுச்சு. எங்கப்பா கல்லு அடுக்கினது, ஷோகிக்குக்கு ஜுரம் வந்தது, எல்லாம். அதுக்குள்ள மழை வந்து தகரத்துல விழுந்து தொலைச்சுது. மிச்சம் கேக்கலை. அப்புறம் என்ன சொன்னே?"

செத்ராக்கின் மண்வெட்டி நின்றது.

"நீ... அதைக் கேட்டுக்கிட்டா இருந்தே?"

"பின்ன? என்னைப் பத்தி என் வாழ்நாள்ல ஒருத்தன் வாழ்த்துச் சொல்றான். காதைப் பொத்திக்குவேனா? கோவம் கோவமா வந்துச்சு. ஆனா கேட்டேன். முடிவு என்னன்னு சொல்லுவே, சொல்லுவேன்னு பாத்தா, நீ வாயைத் தைச்சுக்கிட்டே. யாரு கேட்டா உன் சபதத்தை? கொடியும் போச்சு, பேச்சும் போச்சு. எவன் கோப்பை தூக்கினாலும் எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க, நான்தான் உன்னைக் கட்டிப்போட்ட மாதிரி. அன்னைக்கு நீ பேசினது ஒரு காலை நேரம். பேசாம இருந்தது மூணு வருஷம். உன் வாழ்த்துலயே நீளமானது இதுதான்யா."

செத்ராக் தலை குனிந்து நின்றான். அவள் சொன்னது ஒவ்வொன்றும் அவனுக்கு உறைத்தது. ஆனாலும் நெஞ்சில் ஏதோ இளகியது. ஒரு வழியாகத் திட்டிவிட்டாளே.

"மழை வந்ததும் எல்லாரும் எழுந்துட்டாங்க. மிச்சத்தைச் சொல்லவே இல்ல."

"சரி, சொல்ல நினைச்சதைச் சொல்லு. மண்ணைப் போட்டுக்கிட்டே சொல்லு. கை நின்னா அடிப்பேன்."

அவன் மண்ணை அள்ளினான். போட்டான். இன்னொரு முறை அள்ளினான்.

"இன்னும் ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு" என்றான். "'அப்பேர்ப்பட்டவளோட தோட்டம் மூடாமக் கிடக்கு. எழுந்திரிங்கடா, போவோம்.' அவ்வளவுதான். அதைச் சொல்லிக் கோப்பையை வச்சுட்டு, எல்லாரையும் ஓட்டிக்கிட்டு உன் தோட்டத்துக்கு வர்றதா இருந்தேன். அதுக்காகத்தான் அந்த வாழ்த்தையே எடுத்தேன். அந்த வரி வர்றதுக்குள்ள மழை வந்துடுச்சு."

இப்போது ஹமெஸ்டின் கை நின்றது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, மூடிய கொடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து வழிந்ததை மண் கையால் துடைத்ததில் முகமெல்லாம் சேறு.

"மடையா" என்றாள். "அதை முதல்ல சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

மறுவாரம் ஷோகிக்கின் கல்யாணத்தில் செத்ராக் எழுந்து நின்றான். மேசை முழுக்க அடங்கியது. வார்துஹி அடுப்பைப் பார்த்து, கறியை இறக்க வேண்டாம் என்று கை காட்டினாள்.

"என் பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும். முதல்ல குடிங்க, கறியை எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க. மிச்சத்தைச் சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க."

எல்லோரும் குடித்தார்கள். கறி சூடாக வந்தது. அவன் நோவாவிலிருந்து ஆரம்பித்தான், ராஜாவிடம் வந்தான், குதிரையிடம் வந்து நின்றான். நின்று, மேசையின் கால்மாட்டைப் பார்த்தான்.

"வெள்ளை" என்றாள் ஹமெஸ்ட், எலும்பைக் கடித்துக்கொண்டே.

"வெள்ளைக் குதிரை" என்று செத்ராக் மேலே சொல்லிக்கொண்டு போனான்.